வீடா, முதியோர் இல்லமா?



ஆண்டுதோறும் ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று, தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளைத் திருச்சபை சிறப்பிக்கிறது. ஆண்டவர் இயேசுவின் தாத்தா பாட்டியான புனித சுவக்கின், புனித அன்னா திருநாள் ஜூலை 26. அதை ஒட்டி வரும் ஞாயிறை முதியோருக்கென ஒதுக்கித் திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டு இந்த நாளை ஏற்படுத்தினார். அன்று மறையுரை வைப்பது குருக்களுக்கு எளிது. பெற்றோரைக் கைவிடாதீர்கள் என்போம். முதியோர் இல்லங்கள் பெருகுவது நமக்கு அவமானம் என்போம். மக்களும் தலையசைப்பார்கள். நாமும் ஓர் ஆண்டு அப்படித்தான் பேசினோம்.

திருப்பலி முடிந்து திருவுடைகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, ஐம்பது வயது மதிக்கத்தக்க சகோதரி ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"சாமி, எங்கம்மாவ நான் சிஸ்டர்மாருங்க நடத்துற இல்லத்துலதான் விட்டிருக்கேன். ரெண்டு தடவ கேஸத் திறந்து விட்டுட்டு மறந்துட்டாங்க. ஒருநாள் ராத்திரி கதவத் தொறந்து மெயின் ரோட்டுக்குப் போய்ட்டாங்க. நான் வேலைக்குப் போனாத்தான் வீட்ல அடுப்பு எரியும். இன்னிக்கு நீங்க பேசினப்போ எங்க பெஞ்சுல இருந்த எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பாத்தாங்க."

நம்மிடம் பதில் இல்லை. பிறகு விசாரித்ததில், அந்தச் சகோதரி வாரம் இருமுறை தவறாமல் தாயைப் பார்க்கச் செல்கிறார், தம் கையாலேயே தலைவாரி விடுகிறார், பிடித்ததைச் சமைத்து எடுத்துப் போகிறார் என்று தெரிந்தது. அதே பூசையில், நாம் பேசியதற்கெல்லாம் மிகுந்த உற்சாகத்தோடு தலையசைத்தவர் ஒருவரும் இருந்தார். அவருடைய தந்தை வீட்டில்தான் இருந்தார். அடுத்த முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டு சென்றபோது பார்த்தோம். வீட்டுக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த தாழ்வாரத்தில், ஒரு கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். எங்களைக் கண்டதும் முதலில் அவர் கேட்டது குடிக்கத் தண்ணீர்.

வீட்டில் வைத்திருந்தால் அன்பு, இல்லத்தில் சேர்த்தால் கைவிடல் என்ற நம் எளிய கணக்கு அந்த வாரத்தில் உடைந்துபோனது. அன்று முதல் இந்தக் கேள்வியை வேறுவிதமாகச் சிந்திக்கத் தொடங்கினோம். அச்சிந்தனையை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாறிவிட்ட குடும்பங்கள்

முதலில் நம் காலத்தின் நிலையைப் பார்ப்போம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் 8.6 விழுக்காடு. தமிழ்நாட்டில் இது 10.4 விழுக்காடாகவும், அண்டை மாநிலமான கேரளத்தில் 12.6 விழுக்காடாகவும் இருந்தது. 2031இல் தமிழ்நாட்டில் இது 18.2 விழுக்காட்டை எட்டும் என்று நடுவண் அரசின் வல்லுநர் குழு கணித்திருக்கிறது. அதாவது, ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவர் முதியவராக இருப்பார். மறுபுறம், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே என்று காட்டியது.

இந்த எண்களை நம் பங்குப் பதிவேட்டிலேயே காணலாம். முந்திய தலைமுறையின் திருமுழுக்குப் பதிவுகளைப் புரட்டினால், ஒரே பெற்றோரின் பெயர் ஆறு முறை, ஏழு முறை வரும். ஆறு பிள்ளைகளில் ஒருவராவது ஊரில் தங்குவார். ஒரு மருமகளாவது அருகில் இருப்பார். இன்று இரண்டு பிள்ளைகள். ஒருவர் சிங்கப்பூரில், மற்றவர் பெங்களூரில். ஊரில் இருக்கும் பிள்ளையின் வீட்டிலும் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போனால்தான் வீட்டுக்கடன் தவணையைக் கட்ட முடியும்.

நாம் கவனிக்கத் தவறும் இன்னொன்றும் உண்டு. பெற்றோர் நீண்டநாள் வாழ்கிறார்கள். அதற்காக இறைவனுக்கு நன்றி. ஆனால் 88 வயதுத் தாயைத் தூக்கிக் குளிப்பாட்டும் மகளுக்கு 64 வயது. அவருக்கே மூட்டுவலி, சர்க்கரை நோய். முதியவரை முதியவரே பார்த்துக்கொள்ளும் வீடுகள் நம் பங்குகளில் எத்தனை என்று என்றாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

சட்டம் என்ன செய்ய முடியும்?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்டு, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. பிள்ளையில்லாத முதியவர்கள், தம் சொத்துக்கு வாரிசாக வரவிருக்கும் உறவினரிடமிருந்தும் கேட்கலாம். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் திரும்பப் பெறவும் 23ஆம் பிரிவு வழிசெய்கிறது. 2025 ஜனவரி 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம், இத்தகைய ஒரு வழக்கில் தாய் மகனுக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரத்தை ரத்து செய்து, சொத்தையும் தாயிடமே ஒப்படைக்க உத்தரவிட்டது. முதியோரை எங்காவது விட்டுவிட்டுப் போவது, மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்றும் இச்சட்டம் சொல்கிறது. துன்பத்தில் இருக்கும் முதியோர் 14567 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

இவற்றை நம் மக்கள் அறிந்திருக்க வேண்டும். குறிப்பாக, கண்ணீரோடு குருவிடம் வந்து, "சாமி, வீட்டை எழுதிக் கொடுத்திட்டேன்" என்று சொல்லும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போதே எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்துவிட்டுக் கையேந்தி நிற்காதீர்கள் என்று நாமும் வெளிப்படையாகவே அறிவுறுத்துகிறோம்.

ஆனாலும் சட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. அது பணத்தை வாங்கித் தரும், பத்திரத்தை ரத்து செய்யும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து தாயைத் திரும்பப் படுக்க வைக்கும் கையை எந்தத் தீர்ப்பாயமும் வாங்கித் தர முடியாது.

வீட்டில் வைத்துப் பார்ப்பது என்றால்...

பழகிய வீடு, பழகிய சுவர், பழகிய கோவில் மணி ஆகியவை முதியவருக்குப் பாதி மருந்து. வாழ்வுக்கான திருப்பீடக் கழகம் 2021 பிப்ரவரியில் முதுமை பற்றி வெளியிட்ட ஏடும், கொரோனா காலத்தில் பல நாடுகளில் முதியோர் இல்லங்களில் நேர்ந்த பெரும் உயிரிழப்பை மனத்தில் கொண்டு, இயன்றவரை முதியோர் தம் சொந்த வீட்டிலேயே பராமரிக்கப்பட வழிகாண வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் அதே திசையில் அமைந்தது. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மருந்துகள், இயன்முறை மருத்துவம், வலிதணிப்புப் பராமரிப்பு ஆகியவற்றை வீட்டு வாசலுக்கே கொண்டு வருவது அதன் நோக்கம்.

எனவே, முடிந்தால் வீடுதான் முதல் தேர்வு. ஆனால் 'முடிந்தால்' என்ற சொல்லுக்குள் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

படுக்கையில் கிடப்பவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையேல் படுக்கைப்புண் வரும். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும், வழுக்காத தரை வேண்டும், இரவில் சிறு விளக்கு வேண்டும். ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதோடு நடமாட்டமே நின்றுவிடக்கூடும். மறதி நோய் வந்துவிட்டால் கதை வேறு. 60 வயதைக் கடந்த இந்தியரில் ஏறக்குறைய 88 இலட்சம் பேர் மறதி நோயோடு வாழ்வதாக 2023இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அவர்களில் பலரைத் தனியே விட்டு அடுத்த தெருவுக்குக்கூடப் போக முடியாது.

இதையெல்லாம் யார் செய்கிறார்? 'நாங்கள் அம்மாவை வீட்டில் வைத்துப் பார்க்கிறோம்' என்று சொல்லும் வீடுகளில் அந்த 'நாங்கள்' என்பவர் பெரும்பாலும் ஒரே ஒரு பெண். மருமகள், அல்லது திருமணமாகாத மகள். சகோதரர்கள் ஆலோசனை சொல்கிறார்கள். வெளிநாட்டிலிருப்பவர் வாட்ஸ்அப்பில் முகம் பார்க்கிறார். அந்த ஒரு பெண் மட்டும் தூங்காமல் இருக்கிறார். ஒரு பங்கில் அப்படிப்பட்ட மருமகள் ஒருவர் எட்டு மாதங்கள் ஞாயிறு திருப்பலிக்கு வரவில்லை. 'அந்தப் பிள்ளை கோவிலுக்கே வருவதில்லை' என்று அன்பியக் கூட்டத்தில் குறை சொன்னார்கள். மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் போய் உட்கார நம்மில் ஒருவரும் முன்வரவில்லை. அந்த எட்டு மாதத்தில் ஞாயிறு கடனைத் தவறியது அவரா, நாமா?

ஆள் வைத்துப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹோம் நர்ஸ் என்றும் ஆயா என்றும் நம் வீடுகளுக்கு வரும் பெண்கள், தங்கள் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு நம் பெற்றோரைப் பார்க்க வருகிறவர்கள். அவர்களின் அடையாள ஆவணங்களைச் சரிபாருங்கள், அது பாதுகாப்பு. அதோடு, நேரத்துக்குச் சாப்பாடு, படுக்க ஓர் இடம், வாரம் ஒருநாள் ஓய்வு, சொன்ன தேதியில் சம்பளம் ஆகியவற்றையும் கொடுங்கள்; அது நீதி. ஒரு தாயை மதிப்பதற்காக இன்னொரு தாயைக் கசக்கிப் பிழிவது நான்காம் கட்டளையைக் கடைப்பிடிப்பதாகாது.

இல்லத்தில் சேர்ப்பது என்றால்...

முதியோர் இல்லம் என்றதும் ஒரே வகை இடம் நம் கண்முன் வருகிறது. உண்மையில் பல வகை உண்டு. துறவற சபையினர் ஏழைகளுக்காக நடத்தும் இலவச இல்லங்கள், மாதக் கட்டணம் பெறும் இல்லங்கள், வசதி படைத்தோர் வீடு வாங்கிக் குடியேறும் முதியோர் குடியிருப்புகள் என்று அவை விரிகின்றன. ஒவ்வொன்றும் எவரை ஏற்கும், எவரை ஏற்காது என்பது வேறுபடும்.

சேர்ப்பதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். நன்கொடையாளர்கள் வரும் விழா நாளில் அல்ல, சாதாரண நாள் மாலையில் சொல்லாமல் போங்கள். அரசின் சமூக நலத்துறையில் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். இரவில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள்? விழுந்துவிட்டால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டு போவார்கள்? படுத்த படுக்கையாகிவிட்டால் வைத்துக்கொள்வார்களா, திருப்பி அழைத்துப் போகச் சொல்வார்களா? எந்த நேரமும் உறவினர் வந்து பார்க்கலாமா? முன்பணத்தைத் திருப்பித் தருவார்களா? நற்கருணையும் நோயில்பூசுதலும் கிடைக்குமா? நடக்க முடிந்தவர்களை மட்டுமே ஏற்கும் இல்லங்கள் பல. மிகவும் தேவைப்படும் நேரத்தில் வெளியே வர நேர்ந்தால் அந்த முதியவர் இரண்டாம் முறை வீடிழக்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த முதியவரிடம் கேளுங்கள். நம்மை மிகவும் வேதனைப்படுத்தியது ஒரு பாட்டி சொன்ன செய்தி. "டாக்டரப் பாத்துட்டு வந்துரலாம்மான்னு கூட்டிட்டு வந்தான் சாமி. பைல ரெண்டு சேல இருந்தத நான் அப்புறந்தான் பாத்தேன்." இல்லம் நல்ல இல்லம்தான். சகோதரிகள் அன்பாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் வந்த வழி பொய்யாக இருந்ததால் அந்தப் பாட்டியால் அங்கே மனம் ஒன்ற முடியவில்லை. உண்மையைச் சொல்லி, சம்மதம் பெற்று, முதலில் இரண்டு வாரம் இருந்து பார்க்கச் செய்து, பிறகு முடிவெடுத்திருந்தால் அதே இல்லம் அவருக்கு வீடாகியிருக்கலாம்.

கொர்பான்

மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில், பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்' என்று, அதாவது கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளும் வழக்கத்தை ஆண்டவர் கண்டிக்கிறார். இப்பகுதியைப் பற்றிப் பலமுறை மறையுரை வைத்திருக்கிறோம். அது நம்மை நோக்கியே திரும்பும் என்று எதிர்பார்க்கவில்லை.

நாங்கள் உடன்பிறந்தோர் ஐவர். தந்தை இறந்தபின் அம்மாவை முறை வைத்துப் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. இரண்டு மாதத்துக்கு ஒரு வீடு. குருவாகிய நமக்கு முறை கிடையாது. 'கடவுளுக்குக் கொடுத்த பிள்ளை' அல்லவா! இந்த ஏற்பாடு நியாயமானதாகத்தான் எங்களுக்குத் தோன்றியது. மூன்றாம் ஆண்டில், ஒரு தம்பி வீட்டில் அம்மா தம் பையைப் பிரிக்கவே இல்லை. துணிகளை எடுத்து அலமாரியில் வைக்கச் சொன்னால், "திரும்ப எடுத்து வைக்கணும்ல" என்றார்கள். ஐந்து பிள்ளைகள் இருந்தும் அம்மாவுக்கு ஒரு வீடு இல்லை என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

அப்போது தங்கை நம்மிடம் கேட்டாள்: "அண்ணே, ஊர்ல உள்ள சீக்காளிக்கெல்லாம் நற்கருணை கொண்டு போறீங்க. அம்மாவுக்கு எப்போ கொண்டு வருவீங்க?"

பதில் சொல்ல முடியாத கேள்வி அது. நம் குருத்துவத்தையே நாம் கொர்பான் ஆக்கியிருந்தோம்.

அதன்பின் அம்மாவிடமே கேட்டோம். பழைய வீட்டுக்கே போக வேண்டும் என்றார்கள். பகலில் பார்த்துக்கொள்ள அதே தெருவைச் சேர்ந்த ஒரு சகோதரி, இரவில் தங்கை, செலவைச் சகோதரர்கள் பகிர்ந்துகொள்வது, வாரக்கடைசியில் மாறி மாறித் தங்குவது என்று ஏற்பாடாயிற்று. நமக்கும் மாதம் இரண்டு நாள் முறை வந்தது. அந்த இரண்டு நாளும் சமைத்தோம், துணி மாற்றினோம், கையில் ஜெபமாலையைக் கொடுத்து உடன் அமர்ந்து சொன்னோம். பதினான்கு மாதங்களுக்குப் பின் அம்மா தம் கட்டிலிலேயே ஆண்டவரிடம் சென்றார்கள். இதை எங்கள் பெருமையாகச் சொல்லவில்லை. அருகில் ஒரு தங்கை இல்லாதிருந்தால், அம்மாவுக்கு மறதி நோய் முற்றியிருந்தால், நாங்களும் ஓர் இல்லத்தின் கதவைத்தான் தட்டியிருப்போம். அதற்காக எவரும் எங்களைக் குற்றவாளிகள் என்று சொல்லியிருக்க முடியாது.

சாவடியில் விட்டவர்

நல்ல சமாரியர் உவமையை (லூக்கா 10:30-37) இந்தக் கண்ணோட்டத்தில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அடிபட்டுக் கிடந்தவரைச் சமாரியர் தம் வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. ஒரு சாவடிக்குக் கொண்டு போனார். அதற்காக ஆண்டவர் அவரைக் குறைகூறவில்லை. அவரையே எடுத்துக்காட்டாக நிறுத்துகிறார். ஏன்? சாவடியில் ஒப்படைக்குமுன் தாமே காயங்களைக் கட்டினார். தம் விலங்கின்மேல் ஏற்றினார். அன்று அங்கேயே தங்கிக் கவனித்துக்கொண்டார். மறுநாள் செலவுக்கு இரண்டு தெனாரியம் கொடுத்தார். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்தார். அந்த 'திரும்பி வரும்போது' என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. சாவடியில் ஒப்படைத்த பிறகும் அவர் தம் பொறுப்பைக் கைவிடவில்லை.

சிலுவையில் தொங்கிய ஆண்டவரும் தம் தாயைத் தாமே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில், அவரை அன்புச் சீடரிடம் ஒப்படைத்தார் (யோவான் 19:26-27). பெயர் தெரியாத யாரிடமோ அல்ல, தாம் அறிந்த, நம்பிய ஒருவரிடம், தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்லி ஒப்படைத்தார். நல்ல மனத்தோடு பிறரிடம் ஒப்படைப்பது கைவிடுவது ஆகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இல்லங்களின் தொடக்கமும் அப்படித்தான். 1839இல் பிரான்சு நாட்டில் புனித ஜீன் ஜுகன், பார்வையிழந்து ஆதரவற்றுக் கிடந்த ஒரு மூதாட்டியைத் தம் வீட்டுக்குக் கொண்டு வந்து, தம் சொந்தக் கட்டிலையே அவருக்குக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை. சென்னை உட்பட நம் நாட்டின் பல நகரங்களில் அச்சகோதரிகள் முதியோரைப் பேணி வருகிறார்கள். 2009ஆம் ஆண்டு அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. ஒரு வீட்டின் கட்டில்தான் முதல் இல்லமாயிற்று என்பதை மறக்க வேண்டாம்.

எனவே, வீடா இல்லமா என்று முடிவெடுக்க வேண்டிய குடும்பங்கள், 'ஊர் என்ன சொல்லும்' என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, இந்த நான்கு கேள்விகளைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளட்டும். முதியவர் என்ன விரும்புகிறார்? அவருடைய உடலும் மனமும் உண்மையில் எவ்வகைப் பராமரிப்பைக் கேட்கின்றன? அந்தப் பாரம் ஒருவர் தலையில் மட்டும் விழுகிறதா, எல்லோரும் பகிர்கிறோமா? எங்கே இருந்தாலும் நாம் திரும்பிப் போய்ப் பார்ப்போமா? முதல் மூன்றுக்கும் கிடைக்கும் பதில் வீட்டுக்கு வீடு மாறலாம். நான்காவதற்கு மட்டும் 'ஆம்' என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது.

இக்கேள்விகளை அவர் விழுந்து மருத்துவமனையில் கிடக்கும் நாளில் கேட்காதீர்கள். அவர் தெளிவாகப் பேசக்கூடிய காலத்திலேயே, கிறிஸ்மசுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ எல்லோரும் கூடும்போது உட்கார்ந்து பேசுங்கள்.

பங்கு என்ன செய்யலாம்?

இறுதியாக, பங்குச் சமூகமாகிய நாம். 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் சிறிய அளவில் தொடங்கிய வலிதணிப்புப் பராமரிப்புப் பணி, பிறகு மலப்புறம் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊர்தோறும் தன்னார்வலர்களின் இயக்கமாக வளர்ந்தது. கடைக்காரர், ஆசிரியர், மாணவர், இல்லத்தரசி என்று சாதாரண மக்களே பயிற்சி பெற்று வாரந்தோறும் சில மணி நேரம் படுக்கையில் இருப்போரின் வீடுகளுக்குச் சென்றார்கள். 2008இல் கேரள அரசே அதற்கென ஒரு கொள்கையை வகுத்தது. அயலார் சேர்ந்து செய்தால் குடும்பத்தால் சுமக்க முடியாததையும் சுமக்கலாம் என்பதற்கு இது கண்கண்ட சாட்சி.

அன்பியங்கள் நமக்கு ஏற்கெனவே இருக்கின்றன. ஒவ்வோர் அன்பியமும் இரண்டு பட்டியல் எடுக்கட்டும். ஒன்று, வெளியே வர முடியாத முதியோரின் பட்டியல். மற்றொன்று, அவர்களைப் பார்த்துக்கொள்வதால் வெளியே வர முடியாதோரின் பட்டியல். முதல் பட்டியல் பல பங்குகளில் உண்டு. இரண்டாவது எங்கும் இல்லை. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஒருவர் போய் அமர்ந்தால், அந்த மகளோ மருமகளோ திருப்பலிக்கு வரலாம். வின்சென்ட் தே பால் சபையினர் சக்கர நாற்காலி, தண்ணீர்ப் படுக்கை போன்றவற்றை வாங்கி வைத்து, தேவைப்படும் வீடுகளுக்கு முறையாகக் கொடுத்து வாங்கலாம். நம் பங்குகளில் ஓய்வுபெற்ற செவிலியர் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். படுக்கையில் இருப்பவரைத் திருப்புவது, குளிப்பாட்டுவது எப்படி என்று ஒரு மாலை நேரத்தில் மற்றவர்களுக்குக் கற்றுத் தரலாம். இளைஞர்கள், பக்கத்து இல்லத்துக்குக் கிறிஸ்மஸ் நாளில் கேக்கோடு ஒருமுறை போவதை விட்டு, மாதம் ஒருமுறை வெறுங்கையோடு போய்ப் பேசிக்கொண்டிருக்கலாம்.

இன்னொன்றையும் செய்யலாம், அதற்குச் செலவே இல்லை. தாயை இல்லத்தில் விட்டிருக்கும் ஒரு சகோதரி கோவிலில் அமர்ந்திருக்கும்போது அவரைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம். அல்லது திரும்பிப் பார்த்து, "அம்மா எப்படி இருக்காங்க? அடுத்த தடவ போகும்போது நானும் வரட்டுமா?" என்று கேட்கலாம்.

அந்தச் சகோதரியின் தாயார் பின்னர் அந்த இல்லத்திலேயே இறைவனடி சேர்ந்தார். அடக்கத் திருப்பலியை நாமே நிறைவேற்றினோம். மறையுரையில், முன்பு நாம் சொன்னது தவறு என்பதை அவர் முன்னிலையில், அதே கோவிலில், அதே மக்களிடம் சொன்னோம். தாயை மதித்த ஒரு மகளை நாம் அன்று காயப்படுத்தினோம் என்றோம். சொல்லி முடித்தபோது நம் குரல் உடைந்தது. முன்வரிசையில் அவர் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். அவரது கையை, பக்கத்தில் இருந்த ஒரு பெண் பற்றியிருந்தார்.

எங்கள் முதுமையில் எங்களைத் தள்ளிவிடாத ஆண்டவரே, முதியோரையும், அவர்களைச் சுமந்து களைத்திருப்போரையும் உம் கையில் ஒப்படைக்கிறோம். வீட்டில் இருந்தாலும் இல்லத்தில் இருந்தாலும், திரும்பி வருவதற்கு ஒருவரேனும் உண்டு என்ற உறுதியோடு அவர்கள் இரவில் கண்மூட அருள்தாரும். அந்த ஒருவராக இருக்கும் மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.